குலைநோய்ப் பூஞ்சையின் ஜீன் அடுக்கும் தாவும் டி.என்.ஏ.வும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

செங்கல்பட்டு, திருவள்ளூர் வயல்களில் நோய் இலையைப் பறித்துக்கொண்டு கிண்டிக்கோ தரமணிக்கோ ஆய்வகம் திரும்பும் எம்.எஸ்சி., பிஎச்.டி. மாணவர்கள் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் எல்லாமே நெல் குலைநோய்ப் பூஞ்சையைப் பற்றியவை.

எந்தப் பூஞ்சை? அதன் டி.என்.ஏ. அமைப்பை ஏன் படிக்க வேண்டும்?

பைரிகுலேரியா ஒரைசே. மேக்னபோர்த்தே ஒரைசே என்று எழுதியிருந்தாலும் இதே பூஞ்சைதான். இலையில் இரண்டு முனையும் கூராக, நடுவில் சாம்பலும் ஓரத்தில் பழுப்புமாகக் கண் போன்ற புள்ளி விழும். கதிரின் கழுத்தில் பிடித்தால் மணி பால் பிடிக்காமல் கதிர் வெளுத்து ஒடிந்துவிடும். சம்பாவில் பனி இறங்கும் மார்கழியில் இது ஏன் கடுமையாகிறது என்பதற்குச் சென்னையிலேயே பழைய பதில் உண்டு. இரவு வெப்பநிலை குறைந்தால் நெற்பயிர் நோய்க்கு எளிதில் இடங்கொடுக்கிறது என்பதை 1960களில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.எஸ்.சதாசிவன், எஸ்.சூரியநாராயணன் குழுவினர் எழுதிவைத்தார்கள்.

அது பயிரின் பக்கம். பூஞ்சையின் பக்கம் வேறு கேள்வி: எதிர்ப்பு ஜீன் சேர்த்து வெளியிட்ட ரகம் சில பருவங்களிலேயே ஏன் தோற்கிறது? பூஞ்சையிடம் என்ன ஜீன் இருக்கிறது என்பது பாதிப் பதில்தான். அந்த ஜீன் குரோமோசோமில் எங்கே உட்கார்ந்திருக்கிறது, பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்பது மீதிப் பாதி.

மரபணுத்தொகுதி எவ்வளவு பெரியது? ஜீன்கள் எப்படி அடுக்கியிருக்கின்றன?

ஏழு குரோமோசோம்கள், மொத்தம் ஏறக்குறைய 4.1 கோடி காரம் (டி.என்.ஏ.வின் ஓர் எழுத்தைத்தான் காரம் என்கிறோம்). 70-15 என்ற வகையின் முதல் வரைவு 2005ல் வெளியானது. அதில் 11,109 ஜீன்கள் கணிக்கப்பட்டன. சராசரியாக மூன்றரை ஆயிரம் காரத்துக்கு ஒரு ஜீன் வருகிறது. திரும்பத் திரும்ப வரும் டி.என்.ஏ. பத்தில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவு. உருளைக்கிழங்கு அழுகலை உண்டாக்கும் பைட்டோப்தோரா இன்ஃபெஸ்டன்ஸின் 24 கோடி காரத்தில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு இப்படிப்பட்ட டி.என்.ஏ.தான். அதோடு பார்த்தால் நம் பூஞ்சையின் வீடு ஒழுங்கான வீடு.

ஆனால் சராசரி இங்கே ஏமாற்றும். உணவு செரிக்க, சுவர் கட்ட, செல் பிரிய வேண்டிய அன்றாட ஜீன்கள் நெருக்கமாக, வகைக்கு வகை வரிசை மாறாமல் இருக்கின்றன. பயிரைத் தாக்கும்போது சுரக்கும் சிறிய புரதங்களின் ஜீன்களில் பல குரோமோசோம் முனைகளுக்கு அருகிலும், தாவும் கூறுகள் (இடம் மாறிச் செருகிக்கொள்ளும் டி.என்.ஏ. துண்டுகள்) மண்டிய இடங்களிலும் சிதறிக் கிடக்கின்றன. எஃபெக்டர் ஜீன்கள் என்பவை இவையே. ஒரே கொத்தாக இருக்கும் விதிவிலக்கும் உண்டு: ஏ.சி.இ.1 என்ற ஜீன் 15 ஜீன்கள் கொண்ட ஒரு கொத்தில் இருக்கிறது, அந்தக் கொத்தே இலையைத் துளைக்கும் நேரத்தில்தான் விழிக்கிறது.

தாவும் டி.என்.ஏ. என்றால் எவையெவை?

இரண்டு பெரும் வகை. ஒன்று தன்னை ஆர்.என்.ஏ.வாக நகலெடுத்து, அதை மறுபடி டி.என்.ஏ.வாக்கி வேறிடத்தில் செருகும். பழைய நகல் இருந்த இடத்திலேயே இருக்கும், எனவே எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகும். மேகி இந்த வகை: சுமார் 5,600 காரம், இரண்டு முனையிலும் 253 காரம் நீளமுள்ள ஒரே மாதிரித் தொடர். மற்றது வெட்டிக்கொண்டு இடம் மாறும் வகை. பாட்2, பாட்3 இதில் சேரும். பாட்2வின் நீளம் 1,857 காரம், முனைகளில் 43 காரம் தலைகீழாகப் பிரதிபலிக்கும், உட்காரும் இடத்தில் டி-ஏ என்ற இரண்டு காரத்தை இரட்டிப்பாக்கும். ஒரு பூஞ்சையில் இதன் நகல்கள் நூறு வரை இருக்கும். 1994ல் இதை விவரித்தவர்களில் பரோடா மகாராஜா சாயாஜிராவ் பல்கலைக்கழகத்தின் பரத் சட்டூவும் ஒருவர்.

கேழ்வரகைத் தாக்கும் வகைகளில் காணப்படும் ஒரு கூறுக்கு வெட்டுக்கிளி என்று ஆங்கிலத்திலும், பின்னாளில் கண்ட இன்னொன்றுக்கு அதே வெட்டுக்கிளி இனத்தைக் குறிக்கும் இனாகோ என்று ஜப்பானியத்திலும் பெயர் வைத்தார்கள். தாவுகிறவை என்பதால் பொருத்தமான பெயர்கள்.

ஒரு கூறு தாவினால் வயலில் என்ன நடக்கும்? ஒரு எடுத்துக்காட்டு சொல்ல முடியுமா?

நெல்லில் பை-டா என்று ஒரு எதிர்ப்பு ஜீன். பூஞ்சை ஏவிஆர்-பைடா என்ற ஜீனின் புரதத்தைச் சுரந்தால், பை-டா உள்ள பயிர் அதை அடையாளம் கண்டு தொற்றிய செல்லையே சாகடித்து நோயை அங்கேயே நிறுத்திவிடும். பூஞ்சை தப்ப வேண்டுமானால் அந்த ஒரு ஜீன் கெட்டுப்போனால் போதும்.

இந்த ஜீன் முதலில் பிடிபட்டது மூன்றாம் குரோமோசோமின் விளிம்பில். ஜீன் முடியும் இடத்துக்கும் டெலோமியர் என்ற குரோமோசோம் முனைத் தொடர் தொடங்கும் இடத்துக்கும் இடையே 50 காரம்கூட இல்லை. கூரையின் கடைசி ஓடு மாதிரி, எது அசைந்தாலும் முதலில் விழுவது அதுதான். முழுதாக உதிர்ந்துபோன வகைகள் உண்டு. ஒற்றைக் காரம் மாறிச் செயலிழந்தவையும் உண்டு. பாட்3 இதற்குள் வந்து உட்கார்ந்ததால் பை-டாவை வென்ற பூஞ்சையை 2001ல் விவரித்தார்கள். ஒரு தாவல், ஒரு ஜீன், ஒரு ரகத்தின் பாதுகாப்பே போயிற்று.

2011ல் வெளியான ஆய்வு இன்னும் வியப்பானது. பல வகைகளைப் பார்த்தபோது ஏவிஆர்-பைடா 1, 3, 4, 5, 6, 7 ஆகிய குரோமோசோம்களிலும், கூடுதல் சிறு குரோமோசோம்களிலும் இருந்தது. அக்கம்பக்கத்தில் இனாகோ கூறுகள். தொலைந்த ஜீன் வேறொரு பூஞ்சையிடமிருந்து வேறொரு இடத்துக்குத் திரும்பி வரவும் முடியும் என்பது இதன் பொருள். எனவே ‘இந்த ஊர்ப் பூஞ்சை ஏவிஆர்-பைடாவை இழந்துவிட்டது’ என்று ஒரு வருடம் எழுதியதை அடுத்த வருடமும் உண்மை என்று எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஏவிஆர்1-கோ39 என்ற பெயரில் உள்ள ‘கோ39’ நம் கோ 39 ரகமா?

ஆம், கோயம்புத்தூரில் உருவான அதே ரகம். குலைநோய் ஆய்வில் உலகம் முழுக்க எளிதில் நோய் பிடிக்கும் பயிராக இதைத்தான் நட்டார்கள். ஒவ்வொரு எதிர்ப்பு ஜீனையும் தனித்தனியாகக் கோ 39க்குள் சேர்த்துப் பன்னாட்டு நெல் ஆராய்ச்சி நிலையம் ஒரு தொகுப்பே உருவாக்கியது. ஆனால் கோ 39 எல்லாக் குலைநோய்ப் பூஞ்சைக்கும் பணிவதில்லை. நெல்லைத் தாக்கும் பெரும்பாலான வகைகளில் ஏவிஆர்1-கோ39 ஜீன் அறுந்து போயிருக்கிறது, அறுந்த இடத்தில் தாவும் கூறுகளின் தடம் இருக்கிறது. அந்த ஜீனை வைத்திருக்கும் பூஞ்சை வந்தால் கோ 39 தடுத்துவிடும். நாம் பலவீனம் என்று நினைத்தது பூஞ்சை ஒரு ஜீனைக் கைவிட்டதன் விளைவு.

70-15ஐ ஒப்பிட்டு ‘இந்த ஜீன் எங்கள் பூஞ்சையில் இல்லை’ என்று எழுதலாமா?

அவசரப்படாதீர்கள். ஆய்வேடுகளில் நாங்கள் அதிகம் காணும் பிழை இது. 70-15 வயலில் எடுத்த பூஞ்சை அல்ல. நெல்லைத் தாக்கும் வகையையும் எரக்ராஸ்டிஸ் புல்லைத் தாக்கும் வகையையும் கலந்து, பிறகு கய்11 என்ற, நெல்லைத் தாக்கும் வகையோடு திரும்பத் திரும்பக் கலந்து ஆய்வகத்தில் உருவாக்கியது. அதில் இல்லாத எஃபெக்டர்கள் உங்கள் பூஞ்சையில் இருக்கலாம். ரீடுகளை, அதாவது சீக்வென்ஸ் கருவி படித்துத் தரும் டி.என்.ஏ. துண்டுகளை, 70-15 மேல் மட்டும் பொருத்திப் பார்த்தால் அவை கண்ணிலேயே படாது. பொருந்தாமல் ஒதுங்கிய ரீடுகளைத் தனியே கோத்துப் பாருங்கள், அல்லது உங்கள் பூஞ்சையைப் புதிதாகவே கோத்துவிடுங்கள்.

கூடுதல் சிறு குரோமோசோம் என்பது என்ன?

ஏழுக்கு மேல் சில வகைகளில் மட்டும் இருப்பது. கோதுமைக் குலைநோயின் பி71 வகையில் பி.டபிள்யு.எல்.2, பி.ஏ.எஸ்.1 என்ற எஃபெக்டர்கள் இதில் இருந்தன, கூடவே ஏராளமான தாவும் கூறுகளும். எலூசின் இண்டிகா என்ற, சென்னைத் தெருவோரத்திலும் முளைக்கும் புல்லைத் தாக்கும் வகையிலிருந்து நெல்லைத் தாக்கும் வகைக்கு இப்படி ஒரு குரோமோசோம் முழுசாக இடம் மாறியதை 2024ல் காட்டினார்கள். வரப்புக் களையையும் மாதிரி எடுங்கள் என்று வற்புறுத்துவது இதனால்தான்.

பூஞ்சையை எப்படிப் பிரிப்பது? சென்னை வெயிலில் என்ன கவனம் வேண்டும்?

புள்ளி உள்ள இலைத்துண்டை ஈர வடிதாள் மேல் 25 முதல் 28 டிகிரியில் ஒரு நாள் வையுங்கள். வித்துகள் சாம்பல் பொடியாக எழும்பும். அவற்றை 2 சதவீத நீர் அகாரில் தொட்டு வைத்து, ஸ்டீரியோ மைக்ராஸ்கோப்பின் கீழ் மெல்லிய கண்ணாடி ஊசியால் ஒரே ஒரு வித்தை எடுங்கள். பேரிக்காய் வடிவம், குறுக்கே இரண்டு தடுப்பு, மூன்று அறை: அதுதான் சரியான வித்து. ஒரே புள்ளியில் இரண்டு வகைப் பூஞ்சை இருக்கும் வாய்ப்பு உண்டு. ஒற்றை வித்து எடுக்காமல் சீக்வென்ஸ் செய்தால், ஒரே ஜீன் பாதி ரீடில் இருந்து பாதியில் இல்லாத குழப்பத்தைக் கணினியால் பிரிக்க முடியாது.

வளர்ந்ததும் ஓட்ஸ் அகாரில் கிருமி நீக்கிய வடிதாள் துண்டுகளைப் பரப்பி, அவற்றின் மேல் பூஞ்சையைப் படர விட்டு, நன்றாக உலர்த்தி, சிலிக்கா ஜெல்லோடு மைனஸ் 20 டிகிரியில் வைத்துவிடுங்கள். ஒவ்வொரு சோதனைக்கும் அதிலிருந்து புதுத் துண்டு எடுக்க வேண்டும். தட்டிலிருந்து தட்டுக்கு மாற்றிக்கொண்டே போனால் வித்து குறையும், நோய் உண்டாக்கும் திறன் போகும், சிறு குரோமோசோமும் தொலையலாம்.

மே மாதத்தில் மின்சாரம் போய் இன்குபேட்டர் அறை வெப்பத்துக்கு ஏறினால் அந்தத் தட்டுகளைத் தூக்கிப் போடுங்கள். வளர்ச்சி குன்றுவது மட்டுமல்ல காரணம். திடீர் வெப்பம் மேகியை விழிக்கச் செய்யும் என்று சோதனையில் காட்டியிருக்கிறார்கள். தாவும் கூறுகளை எண்ணப் போகிறவர் அந்தத் தட்டை நம்பக் கூடாது.

டி.என்.ஏ. எடுக்கும்போது எங்கே தவறுகிறது?

பெரும்பாலும் வயதான பூஞ்சையில். திரவ ஊடகத்தில் 25 டிகிரியில், நிமிடத்துக்கு 110 சுழற்சி அளவில், மூன்று நாள் போதும். ஐந்து நாள் தாண்டிக் கறுத்துவிட்டால் நிறமியும் பசையும் டி.என்.ஏ.வோடு ஒட்டிக்கொண்டு வரும். வடிகட்டி, அழுத்தி நீர் பிழிந்து, திரவ நைட்ரஜனில் மாவாக அரைத்து, 2 சதவீத சிடாப் கரைசலில் 65 டிகிரியில் 45 நிமிடம் வையுங்கள். குளோரோஃபார்ம், ஐசோஅமைல் ஆல்கஹால் 24க்கு 1 விகிதத்தில் இரண்டு முறை. மேல் நீரில் 0.7 பங்கு ஐசோபுரோப்பனால். ஆர்.என்.ஏ.வை என்சைம் விட்டு அகற்றாமல் அடுத்த படிக்குப் போகாதீர்கள்.

நீளமான ரீடு வேண்டுமென்றால் வோர்டெக்ஸ் கூடாது, பிப்பெட் நுனியை வெட்டி அகலமாக்கிக்கொள்ளுங்கள். 260/280 விகிதம் 1.8க்கு மேல், 260/230 விகிதம் 2க்குப் பக்கம் இருக்க வேண்டும். டி.என்.ஏ.வை அளக்கும் இரண்டு கருவிகளில், நானோடிராப் காட்டும் அளவு க்யூபிட் காட்டுவதைப் போல இரண்டு மடங்கு என்றால் ஆர்.என்.ஏ.வோ அழுக்கோ மிச்சம் இருக்கிறது. எடுத்த டி.என்.ஏ.வை 4 டிகிரியில் வையுங்கள். உறைய வைத்து உருக்கி உறைய வைத்தால் இழை அறுந்துவிடும். கூரியரில் அனுப்புவதானால் ஜெல் பையோடு திங்கட்கிழமை அனுப்புங்கள், வார இறுதியில் ஏதோ ஒரு கிடங்கில் வெயிலில் கிடக்க விடாதீர்கள்.

இல்லுமினா போதுமா, நானோபோர் வேண்டுமா?

கணக்குப் போட்டுப் பாருங்கள். குட்டைத் துண்டுகளாகப் படிக்கும் இல்லுமினாவின் ரீடு 150 காரம். மேகியின் முனைத் தொடர் மட்டும் 253 காரம், முழுசும் 5,600. ஒரு ரீடு ஒரு கூறுக்குள் விழுந்துவிட்டால் அது எந்த நகலிலிருந்து வந்தது என்று சொல்ல வழியில்லை. கோக்கும் மென்பொருள் அங்கே நின்றுவிடும், அல்லது எல்லா நகலையும் ஒன்றாக அமுக்கிவிடும். எஃபெக்டர்கள் இருப்பதோ அந்த இடங்களில்தான். கூறையும் தாண்டி இரண்டு பக்கமும் தனித்த தொடரைத் தொடுகிற நீளமான ரீடு வேண்டும், அதைத் தருவது நானோபோர். ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகிய கூறுகள் 20,000 காரம் வரைகூட நீளும் என்பதால், ரீடுகளின் என்50 அளவு (படித்த காரங்களில் பாதி, இந்த நீளமோ அதற்கு மேலோ உள்ள ரீடுகளில் இருக்கும்) 20,000க்குக் குறையாமல் பாருங்கள்.

ஒவ்வொரு காரத்தையும் சராசரியாக 50 முறை படிக்க, அதாவது 50 மடங்கு ஆழத்துக்கு, ஏறக்குறைய 200 கோடி காரம் தேவை. கையில் பணம் குறைவென்றால் இருபது பூஞ்சைக்கும் இல்லுமினா, அவற்றில் இரண்டுக்கு மட்டும் நானோபோர் என்று பிரிப்பது நல்ல முடிவு. இருபதுக்கும் அரைகுறை ஆழத்தில் நானோபோர் செய்வது வீண்.

கோத்தது சரியா என்று எப்படித் தெரியும்?

புஸ்கோ என்ற சரிபார்ப்பு மென்பொருள் 98 சதவீதம் காட்டியது என்று திருப்தி அடைகிறார்கள். அது அன்றாட ஜீன்களை மட்டும் எண்ணுகிறது. அவை எப்போதுமே எளிதில் கோக்கும். முனைகளை எண்ணுங்கள்: ஏழு குரோமோசோமுக்குப் பதினான்கு முனை. டி.டி.ஏ.ஜி.ஜி.ஜி. என்ற டெலோமியர்த் தொடர் ஒரு முனையிலும் அதன் எதிரிணை மறு முனையிலும் அடுக்கடுக்காக வர வேண்டும். ஒன்பதுதான் இருக்கிறது என்றால் ஐந்து முனைகளைப் பற்றி நீங்கள் எதுவும் சொல்ல உரிமையில்லை, ஏவிஆர்-பைடா அங்கேதான் இருந்திருக்கலாம்.

அடுத்து ஆழம். சராசரி 50 மடங்காக இருக்கும்போது ஒரு துண்டு மட்டும் 400 மடங்கு காட்டினால், ஏறக்குறைய எட்டு நகல்கள் ஒன்றாக அமுங்கியிருக்கின்றன. மைட்டோகாண்ட்ரியாத் துண்டும் இப்படித்தான் ஏறும், அதை முதலில் நீக்கிவிடுங்கள்.

ஜீன்களைக் கணிக்கும் முன் தாவும் கூறுகளை மறைக்கலாமா?

மறைக்க வேண்டும், ஆனால் அழிக்கக் கூடாது. ரிப்பீட்மாடலர் மென்பொருளில் உங்கள் பூஞ்சைக்கே ஒரு பட்டியல் உருவாக்கி, மேகி, பாட்2, பாட்3 போன்ற அறிந்த கூறுகளைச் சேர்த்து, ரிப்பீட்மாஸ்கரில் சிறிய எழுத்தாக மாற்றும் மென் மறைப்பைத் தேர்ந்தெடுங்கள். என் என்ற எழுத்தால் நிரப்பினால் கூறை ஒட்டிய சிறு ஜீன்களின் ஓரமும் சேர்ந்து போய்விடும். பட்டியலையும் ஒருமுறை கண்ணால் பாருங்கள். பல நகல் உள்ள எஃபெக்டர் குடும்பத்தை ரிப்பீட்மாடலர் ‘அறியாத கூறு’ என்று சேர்த்துவிடுவது உண்டு.

கணிப்புக்கு ஆர்.என்.ஏ. தருவதானால் தட்டில் வளர்ந்த பூஞ்சை போதாது. எஃபெக்டர்களில் பல பயிருக்குள்தான் வெளிப்படும். பயிர்மேல் வித்துகளைத் தெளித்த 24 முதல் 48 மணி நேரத்துக்குள் இலையை எடுங்கள். அதில் பெரும்பாலான ரீடுகள் நெல்லுடையவையாக இருக்கும், அதற்கேற்ப அதிகமாகச் சீக்வென்ஸ் செய்ய வேண்டும்.

பி.சி.ஆரில் பட்டை வரவில்லை. ஜீன் இல்லை என்றுதானே பொருள்?

நான்கு பொருள் உண்டு: ஜீன் அறுந்து போயிருக்கலாம், பிரைமர் (நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் சிறு டி.என்.ஏ. துண்டு) ஒட்டும் இடத்தில் காரம் மாறியிருக்கலாம், டி.என்.ஏ. கெட்டிருக்கலாம்; உள்ளே ஒரு கூறு உட்கார்ந்திருக்கலாம். கடைசியதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள்.

800 காரம் எதிர்பார்க்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். ஏறக்குறைய பாட்2 அளவே உள்ள பாட்3 உள்ளே வந்தால் அது 2,650ஐத் தாண்டும். சாதாரண டாக் என்சைமுக்கு ஆயிரம் காரத்துக்கு ஒரு நிமிடம் வேண்டும். 800க்கென்று நீட்டிப்பு நேரத்தை ஒரு நிமிடமாக வைத்தால் அந்த நீளம் முடியவே முடியாது, ஜெல்லில் வெறும் இருட்டுத்தான். அதே மாதிரியை மூன்று நிமிடம் வைத்து ஓட்டுங்கள். பெரிய பட்டை வந்தால் வெட்டி எடுத்துச் சீக்வென்ஸ் செய்து, கூறின் இரண்டு பக்கமும் டி-ஏ இரட்டித்திருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் அது தாவி வந்த கூறு. மேகி போன்ற நீளமானதாக இருக்குமோ என்று சந்தேகம் வந்தால், வெளிப் பிரைமர் ஒன்றும் கூறின் உள்ளிருந்து வெளி நோக்கும் பிரைமர் ஒன்றும் சேர்த்து ஓட்டுங்கள். சிறிய பட்டையிலேயே சந்திப்பு தெரிந்துவிடும். ஒவ்வொரு மாதிரிக்கும், எல்லாப் பூஞ்சையிலும் இருக்கும் ஆக்டின் ஜீனின் பட்டை வர வேண்டும். வராத மாதிரியின் முடிவை அட்டவணையில் சேர்க்காதீர்கள்.

பூஞ்சைக்குத் தாவும் கூறுகளை அடக்க வழியில்லையா?

சில உண்டு. மெத்தில் குழு சேர்த்து வாயடைக்கிறது. நியூரோஸ்போரா என்ற பூஞ்சையில் கண்டதுபோல் இரட்டித்த டி.என்.ஏ.வில் சி காரத்தை டி ஆக்கிக் கெடுக்கும் முறையின் தடமும் இதில் உண்டு. ஆனால் அது பாலினக் கலப்பின்போது நடப்பது. வயலில் நெல்லைத் தாக்கும் பூஞ்சை வகைகள் பெரும்பாலும் கலப்பில்லாமல் வித்துகளாலேயே பெருகுகின்றன, அதனால் அந்தக் காவல் வேலை செய்ய வாய்ப்பு குறைவு.

இதனால் விவசாயிக்கு என்ன?

ஒரு ரகத்தில் எந்த எதிர்ப்பு ஜீனைச் சேர்ப்பது என்ற முடிவில் இது நேரடியாக வருகிறது. டெலோமியரை ஒட்டி, கூறுகளுக்கு நடுவே இருக்கும் ஏவிஆர் ஜீனைக் குறிவைக்கும் எதிர்ப்பு ஜீனைத் தனியாகக் கொடுத்தால் பூஞ்சை அதை எளிதில் உதறிவிடும். ஒன்றிரண்டு வேறு ஜீன்களோடு சேர்த்துத்தான் கொடுக்க வேண்டும். ஒரு வித்து மூன்றையும் ஒரே நேரத்தில் இழப்பது அரிது.

மாணவர்களும் இதில் உடனே உதவ முடியும். திரூர் நெல் ஆராய்ச்சி நிலையம் போன்ற இடங்களில் ரகங்களைச் சோதிப்பவர்களுக்குத் தேவை, உங்கள் வட்டாரப் பூஞ்சைகளில் எந்த ஏவிஆர் ஜீன் முழுதாக இருக்கிறது, எது உடைந்திருக்கிறது, எது அறுந்திருக்கிறது என்ற பட்டியல். மாதிரி எடுத்த கிராமம், ரகம், தேதி, இலையா கழுத்தா என்ற நான்கு விவரமும் அதில் இருக்கட்டும். ‘உள்ளது’, ‘இல்லை’ என்ற இரண்டு கட்டத்தோடு நிறுத்தாமல் ‘கூறு செருகியது’ என்று மூன்றாவது கட்டமும், ‘முனை கோக்கப்படவில்லை’ என்று நான்காவதும் போடுங்கள்.